கன்டெய்னரில் ஓடும் ஜாவா செயலி 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய செயலி உங்கள் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. அதையே டாக்கர் இமேஜாக (செயலியும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய பொதியாக) கட்டி, கன்டெய்னர் என்ற தனித்த சூழலில் ஓடவிட்டதும், பிரவுசரும் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியும் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று கைவிரித்துவிடுகின்றன. இந்த இடத்தில் புதியவர்கள் பெரும்பாலும் ஃபயர்வாலைச் சந்தேகிக்கிறார்கள், இமேஜைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள், கடைசியில் கண்ணில் பட்ட போர்ட்டையெல்லாம் திறந்துவிடுகிறார்கள். இவற்றில் எதுவும் முதல் வேலை அல்ல. மறுப்பு என்பதும் ஒரு பதில்தான். அந்தப் பதிலைத் தந்தது எந்த முகவரி, எந்தப் போர்ட், யார் கேட்டபோது தந்தது என்ற மூன்றையும் கண்டுபிடித்துவிட்டால், திருத்தம் அநேகமாக ஒரே வரியில் முடிந்துவிடும். டாக்கரில் ஓடும் ஒரு ஸ்பிரிங் பூட் செயலியையும், அதற்குத் துணையான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தையும் எடுத்துக்காட்டாக வைத்து அந்தத் தேடலின் வரிசையை இங்கே விளக்குகிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதலில் பிழையைச் சரியாகப் படியுங்கள்

டிசிபி இணைப்பைத் தொடங்கும் பக்கம் 'சின்' என்ற பாக்கெட்டை அனுப்புகிறது. மறுமுனையில் அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்து ஒரு நிரல் காத்திருந்தால் ஒப்புதல் திரும்பி வரும். இயந்திரம் இருந்தும் அந்தப் போர்ட்டில் எவரும் காத்திருக்கவில்லை என்றால், அதன் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உடனே 'ஆர்எஸ்டி' பாக்கெட்டை அனுப்பி இணைப்பை மறுத்துவிடும். லினக்ஸில் இது 111ஆம் எண் பிழை. ஜாவாவில் இதே நிலைமை 'ஜாவா.நெட்.கனெக்ட்எக்ஸெப்ஷன்' என்று வெளிப்படும். ஃபயர்வால்கள், குறிப்பாக மேகக்கணினி நிறுவனங்களின் செக்யூரிட்டி குரூப் விதிகள், பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுவதே வழக்கம் என்பதால், அவற்றால் வரும் கோளாறு பெரும்பாலும் நெடுநேரம் காத்திருந்து 'டைம்டு அவுட்' என்று முடியும். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை' என்று குரல் வருவதற்கும், மணி அடித்துக்கொண்டே இருந்து எவரும் எடுக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. மறுப்பு நொடிப்பொழுதில் வந்தால், ஃபயர்வாலைத் தேடுவதைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

கர்ல் முடியும்போது தரும் எண்ணையும் பார்க்கப் பழகுங்கள். 7 என்றால் இணைக்கவே முடியவில்லை, 6 என்றால் பெயரை முகவரியாக மாற்ற முடியவில்லை, 28 என்றால் நேரம் கடந்துவிட்டது. இணைப்பு கிடைத்தும் மறுமொழி எதுவும் வராமல் மூடப்பட்டால் 52, நடுவில் அறுந்தால் 56. கடைசி இரண்டும் டாக்கரில் தனிப் பொருள் உடையவை. அவற்றைப் பிறகு விளக்குகிறேன்.

கன்டெய்னர் உயிரோடு இருக்கிறதா?

'டாக்கர் பிஎஸ் -ஏ' என்று அடியுங்கள். அந்த '-ஏ' முக்கியம்; அது இல்லாவிட்டால் நின்றுபோன கன்டெய்னர்கள் கண்ணில் படாது. 'எக்ஸிடட்' அல்லது 'ரீஸ்டார்ட்டிங்' என்று இருந்தால், இது நெட்வொர்க் பிரச்சினையே அல்ல. செயலி எழுந்து நிற்கவில்லை, அவ்வளவுதான். 'டாக்கர் லாக்ஸ்' கட்டளையில் காரணம் எழுதியிருக்கும்.

அடைப்புக்குறிக்குள் உள்ள வெளியேற்ற எண் 1 என்றால் பெரும்பாலும் ஜாவா விதிவிலக்கு ஒன்று செயலியை வீழ்த்தியிருக்கும். 143 என்றால் யாரோ முறையாக நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். 137 என்றால் செயலி வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது, அதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது நினைவகப் பற்றாக்குறை. 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' வெளியீட்டில் 'ஓஓஎம்கில்டு' என்ற இடம் 'ட்ரூ' என்று இருந்தால் ஐயமே வேண்டாம். இது ஜாவா செயலிகளுக்கே உரிய ஒரு பொறி. கன்டெய்னருக்கு 512 எம்பி எல்லை வைத்துவிட்டு '-எக்ஸ்எம்எக்ஸ்' என்ற ஹீப்பின் (ஜாவா பொருள்கள் வாழும் நினைவகப் பகுதியின்) உச்ச அளவையும் அதே 512 எம்பியாகக் கொடுப்பவர்கள் பலர். ஆனால் ஹீப்புக்கு வெளியே மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக், நேரடி பஃபர்கள் எனப் பல இருப்பதால், ஹீப் நிறைவதற்கு முன்பே கெர்னல் செயலியை முடித்துவிடும், அதன்பின் வருகிற எல்லாக் கோரிக்கைகளுக்கும் மறுப்பே பதிலாகும். நிலையான எண்ணுக்குப் பதில் 'மேக்ஸ்ரேம்பெர்சன்டேஜ்' என்ற விருப்பத்தை 70 அல்லது 75 என்று கொடுப்பது பொதுவாக நல்லது. எதையும் சொல்லாவிட்டால் ஜேவிஎம் (ஜாவா செயலியை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) தனக்குத் தெரியும் நினைவகத்தில் கால் பங்கைத்தான் ஹீப்புக்கு எடுத்துக்கொள்ளும். ஜாவா 8 இல் 191ஆம் புதுப்பிப்புக்கு முந்தைய பதிப்புகள் கன்டெய்னரின் எல்லையை முறையாகக் கவனிக்காமல் முழு ஹோஸ்ட்டின் (கன்டெய்னர்களைத் தாங்கும் கணினியின்) நினைவகத்தையே கணக்கில் கொண்டன என்பதால், பழைய இமேஜ் எதையாவது இன்னும் பயன்படுத்துகிறீர்களா என்றும் பாருங்கள்.

கன்டெய்னர் 'அப்' என்று இருந்தாலும் செயலி தயாராகிவிட்டது என்று பொருள் இல்லை. 'டாம்கேட் ஸ்டார்ட்டட் ஆன் போர்ட்' (டாம்கேட் என்பது ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் வலைச் சேவையகம்) என்று தொடங்கும் வரி லாக்கில் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே அடுத்த படிக்குச் செல்லுங்கள். அந்த வரியில் உள்ள போர்ட் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் 8080 என்று நினைத்துக்கொண்டிருக்க, ஏதோ ஒரு புரொஃபைல் கோப்பு அதை 8081 ஆக்கியிருக்கலாம்.

உள்ளே எந்த முகவரியில் காத்திருக்கிறது?

என் கணிப்பில், இந்தத் தேடலில் அதிக நேரம் செலவழிக்கத் தக்க இடம் இதுதான். ஒரு நிரல் போர்ட்டைத் திறக்கும்போது எந்த முகவரியில் திறக்கிறது என்பதையும் தீர்மானிக்கிறது. 0.0.0.0 என்றால் எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் காத்திருக்கிறது, 127.0.0.1 என்றால் தன்னுடைய லூப்பேக்கில் (தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இடைமுகத்தில்) மட்டும். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (மற்றவற்றிலிருந்து பிரிக்கப்பட்ட நெட்வொர்க் வெளி) உண்டு, அதற்குள் தனி லூப்பேக் உண்டு. ஆகவே கன்டெய்னருக்குள் 127.0.0.1 இல் காத்திருக்கும் செயலியை அந்தக் கன்டெய்னருக்குள் இருப்பவர்கள் மட்டுமே அணுக முடியும். ஹோஸ்ட்டிலிருந்து வரும் பாக்கெட் 172.17.0.2 போன்ற கன்டெய்னரின் நெட்வொர்க் முகவரிக்கு வந்து சேர்கிறது, அங்கே எவரும் காத்திருப்பதில்லை, கெர்னல் மறுத்துவிடுகிறது.

சோதிக்க, 'டாக்கர் எக்ஸெக்' வழியாகக் கன்டெய்னருக்குள் 'எஸ்எஸ் -டிஎல்என்' கட்டளையை ஓட்டலாம். ஆனால் மெலிந்த ஜாவா இமேஜ்களில் 'எஸ்எஸ்', 'நெட்ஸ்டாட்', 'கர்ல்' எதுவுமே இருக்காது. அதற்காக இமேஜில் கருவிகளைத் திணிக்காதீர்கள். இரண்டு மாற்று வழிகள் உண்டு.

முதலாவது, கெர்னலே தரும் கோப்பைப் படிப்பது. கன்டெய்னருக்குள் '/ப்ராக்/நெட்/டிசிபி6' கோப்பை 'கேட்' கட்டளையால் திறந்து பாருங்கள். ஜாவா வழக்கமாக ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் ஏற்கும் சாக்கெட்டைத் திறப்பதால், அதன் வரி பெரும்பாலும் இந்தக் கோப்பில்தான் இருக்கும். 'டிசிபி' என்று மட்டும் பெயருள்ள கோப்பைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே இல்லையே' என்று ஏமாறுபவர்கள் உண்டு. முகவரியும் போர்ட்டும் பதினாறடிமான எண்களில் இருக்கும். 8080 என்பது '1எஃப்90' என்று தெரியும். அதே வரியில் நிலை என்ற இடத்தில் '0ஏ' என்று இருந்தால் அது காத்திருக்கும் சாக்கெட். போர்ட்டுக்கு இடப்பக்கம் உள்ள முகவரி முழுவதும் பூஜ்யமாக இருந்தால் எல்லா இடைமுகங்களிலும் திறந்திருக்கிறது, நல்லது. '0100007எஃப்' என்று முடிந்தால் அது தலைகீழாக எழுதப்பட்ட 127.0.0.1, குற்றவாளி அகப்பட்டுவிட்டான். '1எஃப்90' கொண்ட வரியே இல்லை என்றால், செயலி வேறு போர்ட்டில் இருக்கிறது அல்லது இன்னும் திறக்கவே இல்லை.

இரண்டாவது வழி, ஷெல்கூட இல்லாத டிஸ்ட்ரோலெஸ் இமேஜ்களுக்கு உகந்தது. நெட்வொர்க் கருவிகள் நிறைந்த வேறொரு இமேஜை, '--நெட்வொர்க் கன்டெய்னர்:' என்பதற்குப் பின் உங்கள் கன்டெய்னரின் பெயரைச் சேர்த்து ஓடவிட்டால், அது உங்கள் செயலியின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள்ளேயே அமரும். அங்கிருந்து 'எஸ்எஸ்', 'கர்ல்' எல்லாவற்றையும் பயன்படுத்தலாம், வேலை முடிந்ததும் தூக்கி எறியலாம்.

127.0.0.1 என்று கண்டுபிடித்துவிட்டால் திருத்தம் எளிது. ஸ்பிரிங் பூட் இயல்பாகவே எல்லா இடைமுகங்களிலும் காத்திருக்கும். ஆகவே யாரோ 'சர்வர்.அட்ரஸ்' என்ற அமைப்பில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருக்க வேண்டும். அதை நீக்குங்கள், அல்லது 'சர்வர்_அட்ரஸ்' என்ற சூழல் மாறியில் 0.0.0.0 கொடுங்கள். வைல்ட்ஃப்ளை என்ற ஜாவா செயலிச் சேவையகம் இதற்கு நேர்மாறு: அது இயல்பாக 127.0.0.1 இல்தான் திறக்கும் என்பதால் தொடங்கும் கட்டளையில் '-பி 0.0.0.0' ('பைண்ட்' என்பதன் முதல் எழுத்து) சேர்க்க வேண்டும். 9990 போர்ட்டில் உள்ள மேலாண்மைப் பக்கத்துக்குத் தனி விருப்பம் உண்டு, அதைத் தேவையில்லாமல் வெளியே திறக்காதீர்கள். குவார்க்கஸ் என்ற ஜாவா கட்டமைப்பு உற்பத்திப் பயன்முறையில் 0.0.0.0 இல் திறந்தாலும், மேம்பாட்டுப் பயன்முறையில் லோக்கல்ஹோஸ்ட்டோடு நின்றுவிடும். மேம்பாட்டுப் பயன்முறையைக் கன்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள் 'குவார்க்கஸ்.ஹெச்டிடிபி.ஹோஸ்ட்' அமைப்பை மாற்ற வேண்டும்.

போர்ட் வெளியே திறக்கப்பட்டிருக்கிறதா?

டாக்கர்ஃபைலில் 'எக்ஸ்போஸ் 8080' என்று எழுதுவது எதையும் திறப்பதில்லை. அது வெறும் குறிப்பு. ஓடவிடும்போது '-பி 8080:8080' (இங்கே 'பப்ளிஷ்' என்பதன் முதல் எழுத்து) என்று கொடுத்தால்தான் ஹோஸ்ட்டில் வழி உண்டாகும். முக்காற்புள்ளிக்கு இடப்பக்கம் ஹோஸ்ட்டின் போர்ட், வலப்பக்கம் கன்டெய்னரின் போர்ட். சற்றுமுன் தாளில் குறித்த எண் வலப்பக்கத்தோடு பொருந்த வேண்டும். 'டாக்கர் போர்ட்' என்ற கட்டளை உண்மையில் என்ன திறந்திருக்கிறது என்று காட்டும், அது வெறுமையாக இருந்தால் எதுவும் திறக்கவில்லை.

எளிதில் கண்ணுக்குத் தப்பும் ஒரு பிழையும் இங்கே உண்டு. 'டாக்கர் ரன்' கட்டளையில் இமேஜின் பெயருக்குப் பின்னால் '-பி 8080:8080' என்று எழுதினால், அது டாக்கருக்குப் போவதில்லை. இமேஜின் பெயருக்குப் பின் வரும் அனைத்தும் உள்ளே ஓடும் நிரலுக்கான வாதங்கள். இமேஜில் 'என்ட்ரிபாயின்ட்' ஜாவா கட்டளையாக இருந்தால், ஸ்பிரிங் பூட் அந்த வாதத்தை வாங்கிக்கொண்டு எந்தப் புகாரும் இல்லாமல் எழுந்துவிடும். லாக்கில் எல்லாம் சரியாக இருக்கும், வெளியிலிருந்து மட்டும் மறுப்பு வரும். விருப்பங்கள் எல்லாம் இமேஜின் பெயருக்கு முன்னால்தான்.

இனி 52, 56 என்ற எண்களுக்கு வருவோம். லினக்ஸ் ஹோஸ்ட்டில் இயல்பான அமைப்பில், திறக்கப்பட்ட ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'டாக்கர்-ப்ராக்ஸி' என்ற சிறு நிரல் ஒன்று காவலுக்கு நிற்கும். ஹோஸ்ட்டிலிருந்தே 127.0.0.1:8080 ஐ அழைத்தால், இணைப்பை முதலில் ஏற்பது அந்த நிரல். பிறகு அது கன்டெய்னரைத் தொடர்புகொள்ள முயலும், அங்கே மறுக்கப்பட்டால் உங்கள் இணைப்பையும் துண்டித்துவிடும். ஆகவே ஹோஸ்ட்டில் நீங்கள் காண்பது 'ரெஃப்யூஸ்டு' அல்ல, 'கனெக்ஷன் ரீசெட்' அல்லது வெற்று மறுமொழி. இது தொல்லையாகத் தோன்றினாலும் பெரும் உதவி: ஹோஸ்ட்டின் லோக்கல்ஹோஸ்ட்டில் தூய மறுப்பு வந்தால் போர்ட் திறக்கப்படவில்லை அல்லது கன்டெய்னர் நின்றுவிட்டது, ரீசெட் வந்தால் போர்ட் திறந்திருக்கிறது, உள்ளே இருக்கும் செயலிதான் அந்த முகவரியில் அல்லது அந்தப் போர்ட்டில் இல்லை. ஆனால் இந்த வேறுபாட்டை ஹோஸ்ட்டிலிருந்து சோதிக்கும்போது மட்டுமே நம்புங்கள். வேறொரு கணினியிலிருந்து வரும் பாக்கெட்டை லினக்ஸில் பாக்கெட்டுகளை வழிமாற்றும் ஐபிடேபிள்ஸ் விதிகள் நேரே கன்டெய்னருக்கு அனுப்பிவிடுவதால், உள்ளே உள்ள அதே கோளாறு அங்கே மறுப்பாகவே தெரியும்.

ஹோஸ்ட்டில் வேலை செய்து பக்கத்துக் கணினியிலிருந்து மட்டும் மறுக்கப்பட்டால், '-பி 127.0.0.1:8080:8080' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா பாருங்கள். அது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம், மாற்றுவதற்கு முன் எழுதியவரைக் கேட்டுவிடுங்கள்.

செயலியே இன்னொருவரை அழைத்து மறுக்கப்படும்போது

பிழை உங்கள் பிரவுசரில் இல்லாமல் செயலியின் லாக்கில் இருந்தால் கதை வேறு. 'லோக்கல்ஹோஸ்ட்:5432 மறுக்கப்பட்டது' என்று போஸ்ட்கிரெஸ் இயக்கி புலம்பினால், காரணம் ஏற்கெனவே சொன்னதுதான்: கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரே. அதற்குள் போஸ்ட்கிரெஸ் இல்லை. பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் காம்போஸில் தரவுத்தளச் சேவைக்கு 'டிபி' என்று பெயர் வைத்திருந்தால், இணைப்பு முகவரியில் ஹோஸ்ட்டின் பெயர் 'டிபி' என்று இருக்க வேண்டும்; 'ஸ்பிரிங்_டேட்டாசோர்ஸ்_யூஆர்எல்' என்ற சூழல் மாறியில் இதைக் கொடுத்தால் செயலியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. காம்போஸில் போர்ட் வரியில் '5433:5432' என்று எழுதியிருந்தாலும், கன்டெய்னர்களுக்கிடையே பேசும்போது 5432 தான். 5433 என்பது ஹோஸ்ட்டிலிருந்து வருபவர்களுக்கு மட்டும். பெயரைச் சரியாக எழுதிவிட்டு 5433 போட்டு மறுப்பு வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

காம்போஸ் இல்லாமல் தனித்தனியே 'டாக்கர் ரன்' செய்தால், இயல்பான பிரிட்ஜ் நெட்வொர்க்கில் கன்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயரால் கண்டுகொள்வதில்லை. அப்போது 'அன்நோன்ஹோஸ்ட்எக்ஸெப்ஷன்' வரும். 'டாக்கர் நெட்வொர்க் கிரியேட்' கட்டளையால் ஒரு நெட்வொர்க் உருவாக்கி இரண்டையும் அதில் சேருங்கள். தரவுத்தளம் கன்டெய்னரில் இல்லாமல் ஹோஸ்ட்டிலேயே ஓடினால், டாக்கர் டெஸ்க்டாப்பில் 'ஹோஸ்ட்.டாக்கர்.இன்டர்னல்' என்ற பெயர் கிடைக்கும். லினக்ஸில் டாக்கர் 20.10 முதல், '--ஆட்-ஹோஸ்ட்' விருப்பத்தில் அந்தப் பெயருக்கு 'ஹோஸ்ட்-கேட்வே' என்ற மதிப்பைக் கொடுத்து அதைப் பெறலாம். லினக்ஸில் அப்படியும் மறுக்கப்பட்டால், ஹோஸ்ட்டில் உள்ள போஸ்ட்கிரெஸின் 'லிசன்_அட்ரசஸ்' அமைப்பைப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு லோக்கல்ஹோஸ்ட்.

எல்லாம் சரியாக இருந்தும் தொடங்கும்போது மட்டும் ஒருமுறை மறுப்பு வந்து, செயலியை மீண்டும் தொடங்கினால் சரியாகிவிடுகிறது என்றால், அது வரிசைப் பிரச்சினை. காம்போஸின் 'டிபென்ட்ஸ்_ஆன்' தரவுத்தளக் கன்டெய்னர் தொடங்கியதா என்று மட்டுமே பார்க்கும், தரவுத்தளம் தயாரா என்று பார்க்காது. ஹெல்த்செக் (தரவுத்தளம் தயாரா என்று சோதிக்கும் கட்டளை) ஒன்றை எழுதி, 'சர்வீஸ்_ஹெல்த்தி' என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜ் முதன்முறை தரவுக் கோப்புறையை உருவாக்கும்போது, தற்காலிகமாக ஒரு சேவையகத்தை யூனிக்ஸ் சாக்கெட்டில் (நெட்வொர்க் இல்லாமல் ஒரே கணினிக்குள் பேசும் வழியில்) மட்டும் தொடங்கி, தொடக்க ஸ்கிரிப்ட்களை ஓட்டி, நிறுத்திவிட்டு மீண்டும் முறையாகத் தொடங்குகிறது. ஹெல்த்செக்கில் 'பிஜி_இஸ்ரெடி' என்று மட்டும் எழுதினால், அது யூனிக்ஸ் சாக்கெட் வழியே அந்தத் தற்காலிகச் சேவையகத்தைப் பார்த்து 'தயார்' என்று சொல்லிவிடக்கூடும், உங்கள் செயலியோ டிசிபியில் சென்று மறுக்கப்படும். 'பிஜி_இஸ்ரெடி -ஹெச் லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் அது டிசிபியில் சோதிக்கும்.

டீபக்கரும் ஜேஎம்எக்ஸும்

இணையதளம் திறக்கிறது, ஐடிஇயிலிருந்து டீபக் செய்ய 5005 போர்ட்டில் மட்டும் இணைய முடியவில்லை என்பது ஜாவா 8 இலிருந்து மேலே வந்த குழுக்கள் சந்திக்கும் புதிர். ஜாவா 9 முதல், டீபக் விருப்பத்தில் 'அட்ரஸ்=5005' என்று மட்டும் எழுதினால் ஜேவிஎம் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே திறக்கும். 'அட்ரஸ்=*:5005' என்று எழுத வேண்டும். டீபக் போர்ட்டைப் பிடித்தவர் செயலிக்குள் எந்தக் குறியீட்டையும் ஓட்ட முடியும் என்பதால், ஹோஸ்ட்டின் பக்கத்தில் '-பி 127.0.0.1:5005:5005' என்று கட்டுப்படுத்தி வையுங்கள்.

ஓடும் ஜாவா செயலியைக் கண்காணிக்க உதவும் ஜேஎம்எக்ஸ் இன்னும் சிக்கலானது. முதல் இணைப்பு வெற்றி பெற்ற பிறகு, சேவையகம் தன் ஆர்எம்ஐ (தொலைவிலிருந்து ஜாவா செயல்களை அழைக்கும் முறை) முகவரியை அனுப்பி 'இனி இங்கே வா' என்கிறது. அந்த முகவரி கன்டெய்னரின் உள் முகவரியாகவும், போர்ட் தானாகத் தேர்ந்த ஏதோ ஓர் எண்ணாகவும் இருக்கும். 'ஜேஎம்எக்ஸ்ரிமோட்.போர்ட்', 'ஜேஎம்எக்ஸ்ரிமோட்.ஆர்எம்ஐ.போர்ட்' இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து, 'ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்' என்பதில் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியைக் கொடுத்து, ஹோஸ்ட்டிலும் அதே எண்ணையே திறக்க வேண்டும். இங்கே இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபடக் கூடாது.

குபெர்னெட்டீஸில்

டாக்கரில் ஓடிய அதே இமேஜ், பல கணினிகளில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் மறுத்தால், மேலே சொன்ன காரணங்களோடு இரண்டைச் சேர்த்துப் பாருங்கள். சர்வீஸுக்குப் (பாட்களுக்கு முன்நிற்கும் நிலையான முகவரி) பின்னால் தயாரான பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) ஒன்றுகூட இல்லையென்றால், ஐபிடேபிள்ஸ் முறையில் இயங்கும், இணைப்புகளைப் பாட்களுக்குத் திருப்பும் கியூப்-ப்ராக்ஸி அந்தச் சர்வீஸ் முகவரிக்கு வரும் இணைப்புகளை மறுக்கவே செய்யும். 'கியூப்சிடிஎல் கெட் எண்ட்பாயின்ட்ஸ்' வெறுமையாக இருந்தால், சர்வீஸின் செலக்டர் பாட்களின் லேபிளோடு பொருந்துகிறதா, ரெடினஸ் சோதனை (கோரிக்கைகளை ஏற்கத் தயாரா என்ற சோதனை) தேறுகிறதா என்று பாருங்கள். எண்ட்பாயின்ட் இருந்தும் மறுக்கப்பட்டால் 'டார்கெட்போர்ட்' எண்ணைச் செயலியின் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மற்றது, லைவ்னஸ் சோதனை, அதாவது செயலி உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. மெதுவாக எழும் ஜாவா செயலி போர்ட்டைத் திறப்பதற்கு முன்பே லைவ்னஸ் சோதனை வந்து மறுக்கப்பட்டு, ஒவ்வொரு கணினியிலும் பாட்களை நடத்தும் கியூப்லெட் அதைக் கொன்று மீண்டும் தொடங்கும். செயலிக்கு எழுந்து முடிக்கவே வாய்ப்புக் கிடைக்காது. சிபியு எல்லையைக் குறைவாக வைத்திருந்தால் இது இன்னும் மோசமாகும். 'ஸ்டார்ட்அப்ப்ரோப்' ஒன்றைச் சேர்த்து, அது தேறும்வரை மற்றச் சோதனைகளை நிறுத்தி வைப்பதே சரியான வழி. தொடக்கத் தாமத எண்ணை ஏற்றிக்கொண்டே போவது ஒட்டுப்போடும் வேலை.

'கியூப்சிடிஎல் போர்ட்-ஃபார்வர்டு' வழியாகத் திறக்கிறது, ஆகவே செயலியில் குறை இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டளை பாட்டின் நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்குள் நுழைந்து அதன் லோக்கல்ஹோஸ்ட்டையே அழைக்கிறது. 127.0.0.1 இல் மட்டும் காத்திருக்கும் செயலி அதற்குத் தாராளமாகப் பதில் சொல்லும், சர்வீஸ் வழியாக வருபவர்களை மட்டும் மறுக்கும். போர்ட்-ஃபார்வர்டில் ஓடி சர்வீஸில் மறுக்கப்படும் செயலியைக் கண்டால், முதலில் திறக்க வேண்டியது அந்த '/ப்ராக்/நெட்/டிசிபி6' கோப்பைத்தான்.